விஎம்ல டிஸ்க் இழுக்குதா? எஸ்எஸ்டிக்கு காசு எடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

எங்க பக்கம் மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர்னு எங்க போனாலும் ரைஸ் மில்லு, உரக்கடை, நகைக்கடை எல்லாத்துலயும் இப்ப கிட்டத்தட்ட ஒரே செட்டப்புதான். மூலைல ஒரு டவர் சர்வர், அதுல ப்ராக்ஸ்மாக்ஸ் இல்லன்னா ஹைப்பர்-வி (ரெண்டும் ஹைப்பர்வைசர், அதாவது ஒரே மெஷின்ல பல விஎம் ஓட்டற சாஃப்ட்வேர்), உள்ள ஒரு விண்டோஸ் விஎம்ல (விர்ச்சுவல் மெஷின், சர்வருக்குள்ள தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடறது) டேலி, இன்னொரு விஎம்ல எடைமேடை சாஃப்ட்வேர், அப்பறம் "எடம்தான் சும்மா கெடக்கே"ன்னு யாரோ ஏத்தி வெச்ச கேமரா ரெக்கார்டர். சாதாரண நாள்ல நல்லாத்தான் ஓடும். சம்பா அறுப்பு ஆரம்பிச்சு வாசல்ல லாரி வரிசை கட்டுச்சுன்னா கணக்கர் அண்ணன்கிட்டேந்து போன் வந்துரும், "தம்பி, பில்லு அடிச்சா சுத்திக்கிட்டே இருக்கு, முதலாளி புது எஸ்எஸ்டி போட்ரலாமாங்கறாரு"ன்னு.

போடலாம், ஆனா எந்த எடத்துல இழுக்குதுன்னு தெரியாம போட்டா காசு போனதுதான் மிச்சம், பில்லு அதே மாதிரி சுத்திக்கிட்டுதான் இருக்கும். கடைமடைக்கு தண்ணி வரலன்னா மேட்டூர்லேந்து ஒவ்வொரு மதகா பாத்துக்கிட்டே வரணும்ல, இதுவும் அதே கததான். சாஃப்ட்வேர் ஒரு ரைட் (எழுதற கோரிக்க) அனுப்புச்சுன்னா அது கெஸ்ட்டோட (அதாவது விஎம்மோட) ஃபைல் சிஸ்டம், கெஸ்ட் டிரைவர், விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல், ஹோஸ்ட்டோட (அதாவது நெச சர்வரோட) ஸ்டோரேஜ், ரெய்டு கார்டு (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து ஓட்டறது), கடைசியா நெச டிஸ்க்னு அத்தனையும் தாண்டித்தான் போகுது. எந்த எடத்துல நிக்குதுன்னு அளந்து பாத்துட்டுதான் கைய வைக்கணும்.

டிஸ்க்க தொடறதுக்கு முன்னாடி மொதல்ல ராம் மெமரிய பாருங்க. இத பாதிப்பேரு பாக்கறதே இல்ல. விஎம்முக்கு 4 ஜிபி குடுத்துட்டு அதுலயே டேட்டாபேஸ், டேலி, ப்ரவுசர்னு எல்லாத்தயும் ஓட்டுனா அது ஸ்வாப்ல (ராம் பத்தாதப்ப டிஸ்க்ல ஒதுக்கற எடம்) எழுதி எழுதி எடுக்கும், வெளிலேந்து பாக்கறவனுக்கு டிஸ்க் ஸ்லோன்னுதான் தெரியும். லினக்ஸ்னா விஎம்ஸ்டாட் கமாண்ட ஒரு செகண்ட் இடைவெளில ஓடவிட்டு எஸ்ஐ, எஸ்ஓன்னு இருக்கற ரெண்டு காலத்த பாருங்க, தொடர்ந்து நம்பர் வந்துக்கிட்டே இருந்தா பிரச்சன ராம்லதான். விண்டோஸ்னா ரிசோர்ஸ் மானிட்டர்ல மெமரி டேப்ல ஹார்டு ஃபால்ட்ஸ். ஹோஸ்ட்லயும் இதே செக் பண்ணணும், ஏன்னா ஹோஸ்ட்டே ஸ்வாப் ஆச்சுன்னா உள்ள இருக்கற எல்லா விஎம்மும் சேந்து படுத்துரும். இசட்எஃப்எஸ் (ஹோஸ்ட்ல போடற ஒரு வகை ஃபைல் சிஸ்டம்) வெச்சிருந்தா இன்னொண்ணு, ராம்ல ஒக்காந்துக்கற அதோட ஏஆர்சி கேஷ் லினக்ஸ்ல ரொம்ப காலமா ராம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கற மாதிரிதான் இருந்துச்சு, ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1லேந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா பத்து பர்சென்ட், அதிகபட்சம் 16 ஜிபின்னு கொறச்சிருக்காங்க. பழைய இன்ஸ்டால அப்டேட் மட்டும் பண்ணிக்கிட்டே வந்திருந்தீங்கன்னா அந்த பாதிக்கணக்கு அப்படியேதான் இருக்கும்.

ராம் ஓகேன்னா இப்ப அளவு. எல்லாரும் எம்பி கணக்குதான் கேக்கறாங்க, "செகண்டுக்கு எத்தன எம்பி வருது"ன்னு. அது பெரிய ஃபைல் காப்பி பண்றதுக்குத்தான் ஒதவும். பில் போடறது, டேட்டாபேஸ்ல ஒரு வரி சேக்கறது இதெல்லாம் துண்டு துண்டா 4கே, 8கே சைஸ்ல போற வேல, அதுக்கு லேட்டன்சிதான் கணக்கு, அதாவது ஒரு கோரிக்க போய் திரும்பி வர எத்தன மில்லிசெகண்ட் ஆகுதுங்கறது. லினக்ஸ் கெஸ்ட்ல சிஸ்ஸ்டாட் பேக்கேஜ் போட்டு ஐஓஸ்டாட்ட எக்ஸ் ஆப்ஷனோட செகண்டுக்கு ஒரு தடவ ஓடவிடுங்க. மொதல்ல வர்ற ரிப்போர்ட்ட கண்டுக்காதீங்க, அது மெஷின் பூட் ஆனதுலேந்து உள்ள சராசரி. அடுத்தடுத்து வர்றதுல ஆர்-அவெய்ட், டபிள்யூ-அவெய்ட்னு ரெண்டு காலம் இருக்கும், படிக்கவும் எழுதவும் ஆகற நேரம், அதான் மில்லிசெகண்ட். என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி ரகம்)ன்னா ஒண்ணுக்கு கீழ இருக்கணும், சாட்டா எஸ்எஸ்டின்னா ஒண்ணு ரெண்டு, ஹார்டு டிஸ்க்குன்னா பத்து பதினஞ்சு வரைக்கும் சகஜம். 20ஐ தாண்டி அங்கயே நின்னா ஆளுங்க மொணங்க ஆரம்பிப்பாங்க, 50ஐ தாண்டிட்டா போன் வரும்.

விண்டோஸ்ல ரிசோர்ஸ் மானிட்டர் டிஸ்க் டேப்ல ரெஸ்பான்ஸ் டைம்னு ஒரு காலம் நேரா மில்லிசெகண்ட்லயே காட்டும், எந்த ஃபைலுக்கு எவ்ளோன்னு கூட தெரியும். பெர்ஃப்மான்ல பாத்தா ஆவரேஜ் டிஸ்க் செக் பர் ரீட்ங்கற கவுண்டர் செகண்ட்ல வரும், 0.015ன்னா 15 மில்லிசெகண்ட். டாஸ்க் மேனேஜர்ல ஆக்டிவ் டைம் நூறு பர்சென்ட்னு செகப்பா காட்டுதேன்னு பதறவேண்டாம், ஐஓஸ்டாட்ல யூட்டில் காலமும் இப்படித்தான். ஒத்த ஹார்டு டிஸ்க்குக்கு அது அர்த்தமுள்ள நம்பர், ஆனா எஸ்எஸ்டி, ரெய்டு மாதிரி ஒரே நேரத்துல பல கோரிக்கைய எடுக்கற சரக்குக்கு நூறுன்னா சும்மா இல்லன்னுதான் அர்த்தம், நெறஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல.

இப்பதான் முக்கியமான வேல. கெஸ்ட்ல இழுத்துக்கிட்டு இருக்கற அதே நேரத்துல ஹோஸ்ட்லயும் ஐஓஸ்டாட்ட ஓடவிட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. ரெண்டுலயும் லேட்டன்சி ஏறுதுன்னா நெச டிஸ்க், ரெய்டு, இல்ல பக்கத்து விஎம். கெஸ்ட்ல மட்டும் ஏறி ஹோஸ்ட்ல அமைதியா இருந்தா நடுவுல உள்ள சமாச்சாரம், அதாவது டிரைவர், கேஷ் மோடு, ஸ்னாப்ஷாட், இல்ல யாரோ போட்டு வெச்ச லிமிட். ரெண்டுலயும் நல்லா இருக்குன்னா டிஸ்க்க விட்ருங்க, சிபியு ஸ்டீல் டைம் (சிபியு கெடைக்காம விஎம் காத்திருக்கற நேரம்), நெட்வொர்க் ஷேர், டேட்டாபேஸ் லாக்னு வேற பக்கம் தேடணும். விஎம்வேர்காரங்களுக்கு இஎஸ்எக்ஸ்டாப்ல இது ரெடிமேடா இருக்கு: டேவ்ஜிங்கறது டிஸ்க் பக்கம் ஆகற நேரம், கேவ்ஜி ஹைப்பர்வைசர் உள்ள ஆகற நேரம், ரெண்டும் சேந்து ஜிஏவிஜின்னு கெஸ்ட் பாக்கற நேரமா வரும். கேவ்ஜி ரெண்டு மில்லிசெகண்ட தாண்டுதுன்னா ஹோஸ்ட்லயே க்யூ கட்டுதுன்னு அர்த்தம்.

ஒரு மில்லுல நேர்ல பாத்தத சொல்றேன். எடைமேடை விஎம்ல டபிள்யூ-அவெய்ட் 180 சொச்சம், ஹோஸ்ட்லயும் கிட்டத்தட்ட அதே, ஐஓடாப் (யாரு டிஸ்க்ல எவ்ளோ எழுதறாங்கன்னு காட்டற கமாண்டு) போட்டா கேமரா விஎம் இடைவிடாம எழுதிக்கிட்டு இருக்கு. எட்டு கேமரா, ஒவ்வொண்ணும் 4 எம்பிபிஎஸ், மொத்தம் 32 மெகாபிட், கணக்குப் பாத்தா செகண்டுக்கு வெறும் 4 எம்பி. "இத்துணூண்டுதான தம்பி எழுதுது, அதுக்கா இந்த பாடு"ன்னு கணக்கர் கேட்டாரு, நியாயமான கேள்விதான். ஆனா கீழ இருக்கறது 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க், ஒரு சுத்து சுத்த 8.3 மில்லிசெகண்ட், சராசரியா பாதி சுத்துக்கு காத்திருக்கணும், அதுக்கு மேல ஹெட்டு நகந்து போற நேரம் வேற. எல்லாம் சேத்தா ரேண்டமா செகண்டுக்கு எண்பது, மிஞ்சிப்போனா நூறு கோரிக்கதான் அதால முடியும். எட்டு ஸ்ட்ரீமும் எட்டு எடத்துல எழுத, ஹெட்டு அங்கயும் இங்கயும் ஓடி அந்த எண்பதயும் தின்னுருது, எடைமேடையோட ஒரு சின்ன ரைட் வரிசைல கடைசில நிக்குது. கேமராவுக்குன்னு தனியா ஒரு ஹார்டு டிஸ்க் மாட்டி அந்த விஎம்மோட டிஸ்க்க அங்க தள்ளுனதும் டபிள்யூ-அவெய்ட் பன்னெண்டு பதிமூணுக்கு வந்துருச்சு. எஸ்எஸ்டி செலவே வரல. ஒடனே தனி டிஸ்க் கெடைக்கலன்னா ப்ராக்ஸ்மாக்ஸ்ல அந்த விஎம் டிஸ்க்க எடிட் பண்ணி பேண்ட்விட்த் டேப்ல எழுதற வேகத்துக்கு லிமிட் போடலாம், ஹைப்பர்-வில குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்னு இருக்கும். ஆனா கேமராவுக்கு ரொம்ப கெடுபிடியா போட்டா ரெக்கார்டிங்ல ஃப்ரேம் விடும், திருட்டுப்போன அன்னிக்குதான் அது தெரியும்.

பக்கத்து விஎம் கேமராவாத்தான் இருக்கணும்னு இல்ல. எப்பப்ப இழுக்குதுன்னு கேட்டாலே பாதி விஷயம் வெளில வந்துரும். தெனம் ஒரே நேரத்துலன்னா பேக்கப்பு, இல்ல ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன். மாசத்துல மொத ஞாயித்துக்கெழமன்னா டெபியன்ல எம்டி ரெய்டோட (லினக்ஸோட சாஃப்ட்வேர் ரெய்டு) செக்கிங், ரெண்டாவது ஞாயிறுன்னா இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் (டேட்டா கெட்டிருக்கான்னு முழுசா படிச்சு பாக்கறது), ரெண்டும் டீஃபால்ட்டாவே அப்படி அட்டவணை போட்டிருக்கு, பெரிய டிஸ்க்குன்னா திங்கக்கெழம காலைலயும் முடியாம ஓடிக்கிட்டு இருக்கும். கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் கைவிட்டு மெஷின் பட்டுன்னு ஆஃப் ஆன அடுத்த நாள் இழுத்தா, சாஃப்ட்வேர் ரெய்டு ரீசிங்க் (டிஸ்க்குகள திரும்ப ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போக வைக்கறது) ஓடுதான்னு ப்ராக் ஃபோல்டர்ல எம்டிஸ்டாட்ட தொறந்து பாருங்க. அது முடியறவரைக்கும் பொறுத்துக்கவேண்டியதுதான், நடுவுல ரீபூட் பண்ணி விளையாடாதீங்க.

அடுத்து கெஸ்ட்ல மட்டும் இழுக்கற கேஸு. இதுல மொத குற்றவாளி ஐடிஇ. விண்டோஸ் இன்ஸ்டால் பண்றப்ப விர்ட்ஐஓ (விஎம்முக்குன்னே எழுதுனது) டிரைவர் இல்லாம டிஸ்க்கே தெரியல, அதனால "ஐடிஇ போட்டா வருதுப்பா"ன்னு போட்டு இன்ஸ்டால முடிச்சுட்டு அப்படியே விட்டுட்டு போயிருப்பாங்க. ஐடிஇங்கறது பழைய கன்ட்ரோலர ஒவ்வொரு அசைவா நடிச்சுக் காட்டறது, ஒரு நேரத்துல ஒரு கோரிக்கதான். விர்ட்ஐஓ ஸ்கஸிக்கு மாத்துனா வித்தியாசம் நல்லாவே தெரியும். ஆனா நேரா மாத்திட்டு ஆன் பண்ணீங்கன்னா நீலத்திரைதான், ஏன்னா பூட் ஆகறப்ப விண்டோஸ்கிட்ட அந்த டிரைவர் இல்ல. மொதல்ல பேக்கப் எடுத்துக்கங்க. விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவ சிடியா மாட்டி, கூடவே ஒரு ஜிபில சும்மா ஒரு ரெண்டாவது டிஸ்க்க ஸ்கஸியா சேத்து, கன்ட்ரோலர் விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள்னு வெச்சு, விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்ல டிரைவர ஏத்துங்க. அந்த சின்ன டிஸ்க் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல தெரிஞ்சாதான் டிரைவர் ஒக்காந்துருச்சுன்னு அர்த்தம். அப்பறம் ஷட்டவுன் பண்ணி, சின்ன டிஸ்க்க கழட்டிட்டு, பூட் டிஸ்க்க டிட்டாச் பண்ணா அது அன்யூஸ்டுன்னு கீழ போயி நிக்கும், பயப்படாதீங்க டேட்டா எங்கயும் போகாது, அத டபுள் கிளிக் பண்ணி ஸ்கஸியா திரும்ப சேருங்க. ஆப்ஷன்ஸ்ல பூட் ஆர்டர்லயும் அத டிக் பண்ணணும், இத மறந்துட்டு பூட் ஆகலன்னு ராத்திரி பூரா முழிச்சவங்க நெறய. அப்பவும் நீலத்திரை வந்தா திரும்ப ஐடிஇக்கே மாத்துனா பழையபடி ஏறிடும், டிரைவர மறுபடி பாருங்க. கை வெச்சதோட ஐஓ த்ரெட் டிக்கயும் போட்ருங்க. விஎம்வேர்ல இதே மாதிரி பிவிஸ்கஸி.

கேஷ் மோடு விஷயத்துல நெட்ல நெறய பேரு ரைட்பேக் போடு, இன்னும் வேகம் வேணும்னா அன்சேஃப் போடுன்னு எழுதி வெச்சிருக்காங்க. ரைட்பேக்ல கெஸ்ட் ஃப்ளஷ் (இப்பவே டிஸ்க்ல எழுதுங்கற உத்தரவு) கேட்டா டிஸ்க்குக்கு போயி எழுதிட்டுதான் சரிம்பான். அன்சேஃப்ல அந்த ஃப்ளஷ்ஷையே காதுல வாங்கமாட்டான், எழுதிட்டேன்னு பொய் சொல்லிட்டு ராம்ல வெச்சுக்குவான். நம்ம ஊர்ல காத்தடிச்சா தென்னமட்ட விழுந்து கரண்ட் போற எடத்துல அத போட்டா டேலி டேட்டா என்னிக்காவது ஒருநாள் கந்தலாயிரும். டீஃபால்ட்டா இருக்கற நோ கேஷ் (none) மோடே போதும், எஸ்எஸ்டி நல்லதா இருந்தா வேகத்துலயும் கொற இருக்காது.

ஸ்னாப்ஷாட்டு, அதாவது விஎம்மோட அந்த நிமிஷத்து நெலமைய புடிச்சு வெக்கறது. "அப்டேட் போடறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சேன் சார்"ம்பாங்க, எப்பன்னா போன தீவாளிக்கு. விஎம்வேர், ஹைப்பர்-வி ரெண்டுலயும் ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷத்துலேந்து எழுதறதெல்லாம் தனி டெல்டா ஃபைலுக்கு போகும், ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனா ஒரு பிளாக்க படிக்கறதுக்கே எந்த அடுக்குல இருக்குன்னு தேடணும். விஎம்வேரே 72 மணி நேரத்துக்கு மேல வெச்சுக்காதீங்கன்னுதான் சொல்லுது. ஸ்னாப்ஷாட் பேக்கப் கெடையாது, இத போர்டு எழுதி மாட்டலாம். அழிக்கறதுக்கும் முறை இருக்கு: பேக்கப் எடுத்துட்டு, ஸ்டோரேஜ்ல எடம் இருக்கான்னு பாத்துட்டு, வேலையெல்லாம் முடிஞ்சு ராத்திரி ஹைப்பர்வைசரோட மெனு வழியா அழிங்க, ஏன்னா டெல்டாவ மூல டிஸ்க்கோட சேக்கறதே பெரிய டிஸ்க் வேல. ஃபோல்டருக்குள்ள போயி ஏவிஹெச்டிஎக்ஸ் ஃபைல "ஏதோ குப்ப"ன்னு கைல டெலீட் பண்ணீங்கன்னா அதோட முடிஞ்சுச்சு, திரும்பி வராது.

எல்விஎம்-தின் (எழுத எழுத டிஸ்க் எடத்த ஒதுக்கற முறை) வெச்சிருந்தா எல்விஎஸ் கமாண்டு போட்டு டேட்டா பர்சென்ட், மெட்டா பர்சென்ட் ரெண்டயும் பாருங்க. இருக்கறத விட அதிகமா பங்கு போட்டுக் குடுத்துருப்போம், நெறஞ்சா ஸ்லோ ஆகறதோட நிக்காது, எழுதறதே நின்னு விஎம் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும். விஎம் டிஸ்க்ல டிஸ்கார்ட் டிக் போட்டு, லினக்ஸ் கெஸ்ட்ல எஃப்எஸ்ட்ரிம், விண்டோஸ்ல ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் ஓட்டுனா அழிச்ச ஃபைலோட எடம் திரும்ப வரும். எக்ஸ்பி, 2003 காலத்து சர்வர அப்படியே விஎம்மா மாத்தி ஓட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் காலத்து பார்ட்டிஷன் 63வது செக்டர்ல ஆரம்பிக்கும், 4கே கட்டத்தோட ஒட்டாது, அதனால ஒரு ரைட்டு ரெண்டு ரைட்டா ஆகும். விஸ்டாலேந்து ஒரு எம்பில ஆரம்பிக்கறதால இந்த தொல்ல இல்ல.

ரெண்டு பக்கமும் இழுக்குது, பக்கத்து விஎம்மும் காரணம் இல்லன்னா பொட்டிய தொறக்கற வேல வந்துருச்சு. ரெய்டு கார்டு இருந்தா அதோட பேட்டரிதான் மொதல்ல. கார்டு உள்ள இருக்கற கேஷ்ல எழுதிட்டு ஒடனே சரின்னு சொல்றது ரைட்பேக், பேட்டரி செத்துப்போச்சுன்னா கார்டு தானாவே ரைட்த்ரூவுக்கு (டிஸ்க்ல எழுதுனப்பறம்தான் சரின்னு சொல்றது) மாறிக்கும், பல சமயம் யார் கண்ணுலயும் படாது. நேத்துவரைக்கும் நல்லா ஓடுன ரெய்டு-5 இன்னிக்கு நொண்டுதுன்னா தொண்ணூறு சதம் இதான்னு நான் சொல்வேன், ஏன்னா ரெய்டு-5ல ஒரு சின்ன ரைட்டுக்கு பழைய டேட்டா படி, பழைய பேரிட்டி படி, புதுசு எழுது, புது பேரிட்டி எழுதுன்னு நாலு வேல, அத்தனயும் இப்ப நேரா டிஸ்க்குக்கு போகுது. ஏசி இல்லாத ரூம்ல அக்னி நட்சத்திர வெயிலு பேட்டரி ஆயுச சீக்கிரமே முடிச்சுரும். பேட்டரி இல்லாமயே ரைட்பேக்க கட்டாயமா ஆன் பண்ற ஆப்ஷன் இருக்கும், அத தொடாதீங்க, பேட்டரிய மாத்துங்க.

ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன்னோட ஆரோக்கியத்த தானே எழுதி வெக்கற கணக்கு) எடுத்து 5, 197, 199 மூணு வரிய பாருங்க. 5ம் 197ம் ஏறிக்கிட்டே போனா டிஸ்க் போயிக்கிட்டு இருக்கு, கெட்ட செக்டர திரும்பத் திரும்ப படிக்க முயற்சி பண்றதாலதான் இழுக்குது, வேகத்த மறந்துட்டு டேட்டாவ காப்பாத்துங்க. 199 மட்டும் ஏறுனா டிஸ்க் நல்லாருக்கு, கேபிள்தான் கோளாறு. மில்லுன்னா எலி கடிச்சிருக்கான்னு கேபிள தடவியே பாருங்க, நெல்லு இருக்கற எடத்துல எலிக்கு என்ன கொற. உமித்தூசியும் அப்படித்தான், ஃபேன்லயும் ஹீட்சிங்க்லயும் பஞ்சு மாதிரி படிஞ்சு அடச்சிரும், என்விஎம்இ சூடாயி தானா வேகத்த கொறச்சுக்கும். காலைல பறக்கும், மத்தியானம் தவழும்னா சூடு பாருங்க.

டிஸ்க்கோட ரகமும் இருக்கு. எஸ்எம்ஆர் (தடங்கள ஒண்ணு மேல ஒண்ணு படியற மாதிரி எழுதற ரகம்) ஹார்டு டிஸ்க் மலிவா கெடைக்குதேன்னு விஎம்முக்கு போட்டா கொஞ்ச நேரம் எழுதிட்டு பெருமூச்சு விடும், அது காப்பி எடுத்து அலமாரில வைக்கத்தான் லாயக்கு. மலிவு எஸ்எஸ்டியும் உள்ள இருக்கற எஸ்எல்சி கேஷ் (வேகமா எழுதற சின்ன எடம்) தீர்றவரைக்கும் பாயும், தீந்ததும் ஹார்டு டிஸ்க் மாதிரி ஆயிரும்.

சோதிச்சு பாக்கணும்னா டிடி கமாண்டுல ஜீரோவ எழுதி "ஆஹா 2 ஜிபி வருது"ன்னு சந்தோஷப்படாதீங்க, அது ராம்ல எழுதுனது, கம்ப்ரெஷன் இருந்தா எழுதவே இல்லாதது. எஃப்ஐஓ (டிஸ்க் வேகத்த அளக்கற டூல்) போடுங்க: ரேண்டம் ரீடு, அப்பறம் ரேண்டம் ரைட், பிளாக் சைஸ் 4கே, டைரக்ட் 1, ஐஓடெப்த் 1, ஒரு நிமிஷம். டேட்டாபேஸ் ஓடற எடம்னா எஃப்சிங்க் 1 (ஒவ்வொரு ரைட்டும் டிஸ்க்ல எழுதியாச்சான்னு கேக்கறது) வெச்சும் ஒரு தடவ. டெஸ்ட் ஃபைலுக்கு ஒரு சாதாரண ஃபைல் பேரத்தான் குடுக்கணும், டிஸ்க்கு பேரயே குடுத்து ரைட் டெஸ்ட் ஓட்டுனா உள்ள இருக்கற அத்தனயும் அழிஞ்சுரும். விண்டோஸ்ல கிரிஸ்டல்டிஸ்க்மார்க்னா மேல இருக்கற பெரிய நம்பர விட்டுட்டு கீழ 4கே க்யூ1 வரிய பாருங்க. ஹோஸ்ட்ல ஒரு தடவ, கெஸ்ட்ல ஒரு தடவ ஓட்டி ஒப்பிடணும், ஆளுங்க வேல பாக்காத நேரமா பாத்து.

கிளவுட்ல விஎம் வெச்சிருக்கவங்களுக்கு இதுல பாதி பொருந்தாது, அங்க லிமிட்டே விலைப்பட்டியல்லதான் இருக்கும். அமேசான்ல gp2ங்கற ரக டிஸ்க்குன்னா ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் (செகண்டுக்கு எத்தன கோரிக்கங்கறது) கணக்கு, சின்ன டிஸ்க்கு கிரெடிட் இருக்கறவரைக்கும் 3000 வரைக்கும் ஓடும், தீந்ததும் படுத்துரும். gp3 ரகம்னா ஆரம்பத்துலயே 3000 கெடைக்கும், மாத்திருங்க.

எல்லாம் பாத்துட்டு நெசமாவே எஸ்எஸ்டிதான் வேணும்னு முடிவாச்சுன்னா பவர் லாஸ் ப்ரொடெக்ஷன் இருக்கறதா வாங்குங்க, அதுல குட்டி கெப்பாசிட்டர் இருக்கும், கரண்ட் போனாலும் கைல இருக்கறத எழுதிமுடிக்கும். அது இல்லாத வீட்டு எஸ்எஸ்டில எஃப்சிங்க் டெஸ்ட் ஓட்டுனா பல சமயம் சில நூறு ஐஓபிஎஸ்லயே நின்னுரும், டப்பால என்ன போட்டிருந்தாலும் சரி. இசட்எஃப்எஸ் மேல விஎம் ஓட்டறவங்களுக்குத்தான் இது ரொம்ப உறைக்கும். ப்ராக்ஸ்மாக்ஸ்ல விஎம்ம நிறுத்தாமலே டிஸ்க் ஆக்ஷன்ல மூவ் ஸ்டோரேஜ் குடுத்து புது எஸ்எஸ்டிக்கு மாத்திரலாம். அங்க டெலீட் சோர்ஸ்னு ஒரு டிக் இருக்கும், அத போடாதீங்க. பழைய டிஸ்க் அன்யூஸ்டுன்னு ஓரமா கெடக்கட்டும், ஒரு வாரம் லாரியெல்லாம் போயி வந்து பில்லு ஒழுங்கா வருதுன்னு கணக்கர் சொன்னப்பறம் அழிச்சுக்கலாம்.